அரை நூல்

காலையில் பத்தடி நாலங்குலம் காட்டிய அளவுகோல் மத்தியானம் பத்தடி மூன்றங்குலம் காட்டியது. குளத்து மதகான துருசு பூட்டியிருந்தது. அதைத் திறக்கிற இரும்புத் திறப்பு, நாலடி நீளமும் தலையில் குறுக்குப்பிடியுமாக, வினோதனின் தோளில் இருந்தது. வேறொரு திறப்பு இல்லை.

அவன் பலகைப் பாலத்தில் குப்புறப் படுத்து, தலையைத் துருசுக் கிணற்றுக்குள் நீட்டி இன்னொரு தடவை எண்ணினான். மூன்றுதான்.

ஒரு அங்குலம்தானே என்று விடமுடியாது. விளாத்திமோட்டைக் குளம் அறுபது ஏக்கர். அறுபது ஏக்கரில் ஒரு அங்குலம் என்றால், இருபது ஏக்கர் வயலுக்கு மூன்று அங்குலம் தண்ணீர் கட்டலாம். ஆறு மணித்தியாலத்தில் அவ்வளவு தண்ணீர் போவதற்கு ஒரு வழி வேண்டும், போன இடம் நனைந்திருக்க வேண்டும். வினோதன் குளக்கட்டின் அடியால் முழு நீளமும் நடந்தான். மண் வெடித்துக் காய்ந்து கிடந்தது. வாய்க்காலின் நடுவே ஒரு ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஆடி மாதம், கச்சான் காற்று, எங்கும் தூசி. வெயில் குடிப்பது ஒரு நாளைக்குக் கால் அங்குலத்துக்கு மேல் போகாது; அதையும் மேற்குளத்துக் கசிவு வந்து நிரப்பிவிடும்.

மாலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தபோது தண்ணீர் பத்தடி நாலங்குலத்தில் நின்றது. அப்போதுதான் அவனுக்கு உண்மையாகவே எரிச்சல் வந்தது. குறைந்தால் குறைய வேண்டும். குறைந்தது திரும்பி வரக்கூடாது.

துருசு எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால், கேட்டவர் எழும்பி ஓடும்வரை வினோதன் விளங்கப்படுத்துவான். கட்டின் உட்பக்கம், தண்ணீருக்குள் நிற்கிற ஒரு கிணறு அது. நாலு பக்கமும் சீமெந்துச் சுவர், உள்ளளவு ஐந்தடிக்கு ஐந்தடி. குளத்தைப் பார்த்த சுவரில் ஒரு இரும்புக் கதவு, வயலைப் பார்த்த சுவரில் இன்னொன்று. இரண்டையும் திறந்தால் தண்ணீர் கிணற்றுக்குள் வந்து, கட்டுக்கு அடியால் போகிற குழாய் வழியாக வாய்க்காலில் விழும். இரண்டையும் பூட்டினால் கிணறு தனித்துவிடும். சுவரின் அடியில் பெருவிரல் மொத்தத்தில் ஒரு துவாரம் மட்டும் குளத்தோடு தொடுப்பு வைத்திருக்கும். அதுவும் பாதி சேறு. அதன் வழியாகக் கிணற்றின் மட்டமும் குளத்தின் மட்டமும் நாலைந்து மணித்தியாலத்தில் மெல்ல ஒன்றாகிவிடும். அளவுகோலைக் கிணற்றுக்குள் வரைந்திருப்பது அதனால்தான். வெளியே காற்றில் அலை அடித்தபடி இருக்கும். எந்த அலையின் அங்குலத்தை எழுதுவது? உள்ளே தண்ணீர் அசையாது. பாசியும் துருவும் மணக்கிற, கறுத்த, அசையாத தண்ணீர். இறங்க ஒரு சுவரில் இரும்புப் படிகள். மேலே ஒரு தேங்காய் மிதந்துகொண்டிருக்கும்.

தேங்காய் அவன் போட்டதுதான். சிறுபோகத்துக்கு முதல் தண்ணீர் திறக்கிற அன்று குளக்கட்டிலிருக்கும் ஐயனாருக்குப் பொங்கி, உடைக்காத தேங்காய் ஒன்றைக் கிணற்றுக்குள் போட்டு, கிணற்று விளிம்பில் கற்பூரம் கொளுத்தி, புதிதாகத் திறப்பை வாங்குகிறவன் உள்ளங்கையால் அதை அடித்து அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும். சொல்வது இரண்டே சொல்: ஐயன் சாட்சி. அதற்குமேல் யாரும் எதுவும் சொல்வதில்லை.

வினோதன் சொன்னான். அப்புத்துரை அவனைச் சொல்ல வைத்தார்.

அப்புத்துரைக்கு வயல் தலைமடையில், துருசுக்குப் பக்கத்தில். வினோதனின் வீடும் வயலும் கடைமடையில். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வந்த சனத்துக்குக் காடு வெட்டக் கிடைத்த மண் அது. இத்தனை வருடத்தில் கடைமடைக்காரன் ஒருவன் கையில் திறப்புப் போனது இதுதான் முதல்தரம்.

“ராசகுமாரன் வாளோட வெளிக்கிட்டார்,” என்று அப்புத்துரை எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். “குதிரை எங்க தம்பி? சைக்கிளோ? சரி சரி. ரெண்டு கிழமையில குளம் வத்தி உங்கட பக்கம் வெள்ளம் போடும். நாங்கள் போய் அங்க குளிப்பம்.”

சனம் சிரித்தது. வினோதனுக்குக் காது சுட்டது. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

“களவா ஒரு அங்குலம் குறைஞ்சாலும், என்ர தலையை இந்தக் கிணத்துக்க பாருங்கோ,” என்று சொல்லிக் கற்பூரத்தை அடித்தான்.

சிரிப்பு நின்றது. அவனுடைய தாய் இரஞ்சிதம் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் அகப்பையோடு அப்படியே நின்றாள்.

*

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அப்புத்துரையே வந்து எண்ணினார். வயல் வேலை முடித்து, சாப்பாட்டுக்குப் போகிற வழியில், பன்னிரண்டேகாலுக்கு. பத்தடி மூன்றங்குலம்.

“காலமை எவ்வளவு எழுதினனி?”

“நாலு.”

“பிறகென்ன கதை?”

“பின்னேரம் வந்து பாருங்கோ அண்ணை, திரும்ப நாலுக்கு வரும்.”

“ஓமோ? குளம் மூச்சு விடுதோ?” அவர் மடியிலிருந்து இரண்டு ஆமைப்பூட்டுகளை எடுத்து இரண்டு கதவுச் சில்லுகளையும் சங்கிலியால் கட்டிப் பூட்டினார். “அடுத்த கிழமை வியாழன் மத்தியானம் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாறன். பூட்டியும் அளவு குறைஞ்சிருந்தா நீ வேற வழி வெட்டியிருக்கிறாய், திறப்பைத் தந்திட்டுப் போ. அடுத்தநாள் வெள்ளிக்கிழமை திறக்கிற தண்ணி எங்கட பக்கம் மட்டுந்தான்.”

கடைமடையில் நெல் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் தண்டுக்குள் இருக்கிற நேரம். அந்த வெள்ளிக்கிழமைத் தண்ணீர் தவறினால் முப்பது ஏக்கரும் சப்பி, வெறும் பதர். அதில் இரண்டு ஏக்கர் இரஞ்சிதத்தினுடையது.

அன்றிலிருந்து மூன்று இரவுகள் வினோதன் குளக்கட்டில் காவல் இருந்தான். தண்ணீர்க் கள்ளன் இரவில்தான் வருவான் என்று எல்லாரும் நினைப்பதைப்போலவே அவனும் நினைத்தான். யானை வந்தது, போனது. நுளம்பு கடித்தது. வாய்க்காலில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஓடவில்லை. காலையில் நாலு. மத்தியானம் மூன்று. அவன் பகலில் நித்திரை கொண்டான், எழும்பினான், போய்ப் பார்த்தான், திறப்பை நிலத்தில் எறிந்தான், திரும்பப் பொறுக்கினான்.

அந்தக் கிழமை வெள்ளியன்று ஒரு நல்ல யோசனை வந்தது. கிணற்றுக்கு வெளியே, அலை குறைந்த நாணல் மறைவில், ஒரு கட்டையை அடித்து, தண்ணீர் மட்டத்தில் ஆணி வைத்தான். மத்தியானம் பார்த்தான். ஆணி நனைந்தபடி இருந்தது. ஆகவே குளம் குறையவில்லை. கிணறு மட்டும்தான் குறைகிறது. சந்தோஷத்தில் சைக்கிளை மிதித்து அப்புத்துரையின் வளவுக்கே போனான்.

அவர் கேட்டு முடித்துவிட்டு, “அளவுகோல் எங்க இருக்கு? கிணத்துக்க. நாங்கள் பாக்கிறது எதை? அளவுகோலை,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏன் தம்பி சுத்துறாய்? நேற்று ரெண்டு மணிக்கு உன்னைக் கடைமடை வாய்க்கால் பலகையடியில கண்டனான். ஈரச் சாறத்தோட நிண்டாய். கூப்பிட்டன், நீ திரும்பேல்ல.”

“நான் நேற்று கதவு ரப்பர் வாங்கக் கிளிநொச்சிக்குப் போனனான்.”

“அப்ப உன்ர தமையனாக்கும்.”

வினோதனுக்குத் தமையன் இல்லை. அப்புத்துரைக்கு அது தெரியும்.

*

சனிக்கிழமை காலை குசினியில் விடை கிடைத்தது. இரஞ்சிதம் அம்மிக் குழவியை வாளித் தண்ணீரில் போட்டுக் கழுவி வெளியே எடுத்தாள். வாளியில் தண்ணீர் இரண்டு விரற்கடை இறங்கியது. வினோதன் வாயில் வைத்த சோற்றோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தண்ணீர் போகத் தேவையில்லை. தண்ணீருக்குள் இருந்த ஒரு பொருள் வெளியே போனால் போதும்.

பிறகு எல்லாம் கணக்கு. அவன் மேசன் வேலையும் தெரிந்தவன், அளக்கிற ரேப் நாடா வைத்திருந்தான். மத்தியானம் மறுபடி போய்ச் சரியாக அளந்தபோது, குறைவது ஒரு அங்குலம் அல்ல. ஒரு அங்குலமும் அரை நூலும். மேசன்மாருக்கு நூல் என்பது அங்குலத்தின் எட்டிலொன்று; அரை நூல் ஒரு தீக்குச்சியின் மொத்தம்கூட இல்லை. ஐந்தடிக்கு ஐந்தடி, இருபத்தைந்து சதுர அடி. அதில் ஒரு அங்குலமும் அரை நூலும் என்றால் இரண்டேகால் கன அடிக்குச் சற்றுக் குறைவு. ஒரு கன அடித் தண்ணீர் இருபத்தெட்டுக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. பெருக்கினான். அறுபத்திரண்டரை.

அறுபத்திரண்டரைக் கிலோத் தண்ணீரைத் தள்ளுகிற ஒரு பொருள் மத்தியானம் கிணற்றை விட்டு வெளியே போகிறது. துவாரம் வழியே ஊறி வருகிற தண்ணீர் அந்த இடத்தைப் பின்னேரம் நிரப்புகிறது. பொழுதுபடும்போது பொருள் திரும்பி வருகிறது. பொழுதுபட்டபின் அவன் டோர்ச் அடித்துப் பார்த்தான்: தண்ணீருக்கு மேலே சுவரில் ஒரு அங்குல உயரத்துக்குப் புதிய ஈரப் பட்டை. ஆம். மட்டம் சற்று முன் ஏறி, இறங்கிக்கொண்டிருக்கிறது.

கல் மிதக்காது, மரம் தாழாது. மிதந்தும் மிதக்காமலும் தண்ணீரோடு ஏறத்தாழ ஒரே நிறையில் இருக்கும் பொருள் எது என்பது அவனுக்குத் தெரியும். குளத்தில் மல்லாந்து கிடந்து பார்த்தவன் எவனுக்கும் தெரியும்.

சந்தியில் றிஸ்கானின் அரிசி ஆலையில் தராசு இருந்தது.

“மச்சான், இது நெல்லு நிறுக்கிறது,” என்றான் றிஸ்கான். “சரி ஏறு. செருப்பைக் கழட்டு. அறுபத்திரண்டரை. உன்னை ஆலையில போட்டாத் தவிடுதான் வரும்.”

வினோதன் சிரிக்கவில்லை. இறங்கி, மறுபடி ஏறினான்.

“என்னடா, ரெண்டாந்தரம் ஏறினாக் கூடுமோ?”

அறுபத்திரண்டரை.

*

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கே போய்க் கிணற்று விளிம்பில் இருந்தான். வெயில் தலைக்கு நேரே ஏறிக்கொண்டிருந்தது. காற்று விழுந்துவிட்டது. குளக்கட்டிலிருந்த பாலை மரத்தில் ஒரு குருவியும் இல்லை. மரத்தடியில் ஐயனாரின் மண்குதிரை, வாய் திறந்தபடி, ஆள் இல்லாத முதுகோடு நின்றது. கிணற்றுச் சுவரில் வெயில் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. பாசியின் பச்சை தெரிந்தது, அளவுகோலின் வெள்ளைக் கோடுகள் தெரிந்தன, மூலையில் தேங்காய் தும்பு விரித்தபடி மெதுவாகச் சுற்றியது, பழைய இரும்பின் மணத்தோடு வேறொரு மணமும் வந்தது. தலைக்கு வைக்கிற நல்லெண்ணெய் மணம். வெயில் தண்ணீரைத் தொட்டது.

தண்ணீர் இறங்கியது.

சத்தம் இல்லை. கோடு இறங்கியது, அவ்வளவுதான். பிறகு கீழ்ப்படி நனைந்தது. அதற்கு மேற்படி. அதற்கு மேற்படி. ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. அவனுடைய முழங்காலுக்குப் பக்கத்தில், விளிம்பில், ஐந்து விரல் ஈரம் பதிந்தது. அவன் அசையவில்லை. முதுகுக்குப் பின்னால் பலகைப் பாலம் ஒரு ஆளின் பாரத்தில் வளைந்து நெரிந்தது. ஒரு அடி. இரண்டு அடி. நாலாவது அடியில் அவன் திரும்பினான்.

ஒருவரும் இல்லை. பலகையில் ஈரக் காலடிகள். வெயிலில் காய்ந்துகொண்டே போயின.

அவன் தன் காலை ஒன்றின்மேல் வைத்துப் பார்த்தான். வைத்திருக்கக்கூடாது.

*

யாரிடம் சொல்வது? கடைமடைப் பெடியன் தண்ணீரைக் களவெடுத்துவிட்டுப் பேய்க்கதை சொல்கிறான் என்பார்கள். வியாழனுக்கு நாலு நாள் இருந்தது. பயத்தைவிட எரிச்சல்தான் கூட இருந்தது. குளத்தில் ஒரு சொட்டும் குறையவில்லை. பொய் சொல்வது அளவுகோல். அந்தப் பொய்க்காக முப்பது ஏக்கர் காயப்போகிறது. திறப்பை முன்பே கொடுத்துவிட்டால்? கொடுத்தால் கள்ளன் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். இனி ஒருநாளும் கடைமடைக்குத் திறப்பு வராது.

ஆகவே ஒவ்வொன்றாக முயன்றான். துவாரத்தைத் துப்புரவாக்கினால் தண்ணீர் உடனே சமப்படும், ஒருவரும் வித்தியாசம் காணமாட்டார்கள். குளப்பக்கமாக நீந்திப் போய் நீளக் கம்பியொன்றை உள்ளே விட்டுக் குத்தினான். கம்பி இறுகியது. இழுத்தான், வரவில்லை. பிறகு தானாக விடுபட்டது, மறுபக்கத்தில் யாரோ பிடித்து, என்னவென்று பார்த்துவிட்டு விட்டதைப்போல. மறுநாள் துவாரம் முன்னையிலும் இறுக்கமாக அடைபட்டிருந்தது.

திங்கட்கிழமை அதிகாலை இரண்டு உரப்பைகளில் மணல் நிரப்பி, இரண்டேகால் கன அடி வருமட்டும் அளந்து, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினான். பத்து மணிக்கு மட்டம் நாலுக்கு வந்து நின்றது. அது வெளியே போனாலும் மணல் அதன் இடத்தில் கிடக்குமா, அளவு குறையாமல் இருக்குமா என்று பார்க்கும் ஆசை. யோசித்தால் அந்தக் கணக்கே பிழை: மட்டம் நாலுக்கு இறங்கி நின்றபின் எது வெளியே போனாலும் அளவு குறையத்தான் செய்யும். அவனுக்கு நித்திரை இல்லை, யோசிக்கவில்லை. மத்தியானம் இரண்டு அங்குலமும் ஒரு நூலும் குறைந்திருந்தது. பைகள் குளக்கட்டின்மேல் பக்கம் பக்கமாக நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. கயிறுகள் வட்டமாகச் சுருட்டி, மேசன் வேலைக்குச் சாரம் கட்டும்போது அவன் போடுகிற முடிச்சால் முடியப்பட்டிருந்தன.

மணல் வேண்டாமாம்.

வீட்டுக்குப் போனான். பசி. இரஞ்சிதம் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஏன்டா சாமி, இப்பதானே தின்னுட்டுப் போன? மறுக்காவும் பசிக்குதா?”

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். குசினி நிலத்தில், அவன் வழமையாக இருக்கிற இடத்தில், ஒரு ஆள் அளவு ஈரம்.

“நான் வந்தனானா?”

“நாலஞ்சு நாளா மத்தியானம் வந்து குந்துற. பேச்சே இல்ல. நனைஞ்ச சாறத்த மாத்துடான்னா கேக்குறதில்ல. காவலிருந்து காவலிருந்து ஒனக்குப் புத்தி பேதலிச்சிருச்சு.” அவள் அவன் முகத்தைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனாள். “நேத்து ஒரு தேங்காயாச்சும் கொண்டாந்தியே, அது நல்ல காரியம். தண்ணியில ஊறிக் கெடந்தாலும் உள்ள கெடல. சம்பல் அரைச்சேன்.”

சிரட்டை இரண்டும் அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தன. தும்பில் பாசி.

நேற்று. வினோதன் மெதுவாக நினைத்துப் பார்த்தான். இன்று காலையும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தானே. மூலையில் அது மிதந்ததே. கறுப்பாக. தும்பு விரித்தபடி.

தும்பு அல்ல.

*

வியாழக்கிழமை காலை அவன் தாயிடம், “மத்தியானம் ஆர் வந்தாலும் சோறு குடுக்காதேங்கோ,” என்றான். அவள், “நானும்தான் குளத்தடிக்கு வாறேன், ஒன்னய அவங்க என்ன கேக்குறாங்கன்னு பாப்போம்,” என்றாள். 

பதினொன்றரைக்குத் திறப்பை விளிம்பில் கிடத்திவிட்டு இரும்புப் படியில் கால் வைத்தான்.

கணக்கு இலேசானது. அது போனால் ஒரு அங்குலமும் அரை நூலும் இறங்கும். போவதற்கு முன்பே அதேயளவு பொருள் ஒன்று உள்ளே இறங்கினால், போன பிறகு மட்டம் நாலில் நிற்கும். மணலை அது எடுத்து வெளியே வைத்தது. அவனை வைக்கமாட்டாது என்று ஏனோ தெரிந்தது. பத்து நிமிடம் உள்ளே நிற்கவேண்டும். அவர்கள் எண்ணிவிட்டுப் போகும்வரை. இறங்க வேண்டாம் என்று கால் சொன்னது. முப்பது ஏக்கர், என்று அவன் காலுக்குச் சொன்னான்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. நெஞ்சுக்கு. கழுத்துக்கு. குளிர்ந்தது, ஆடி வெயிலில் குளத்துத் தண்ணீர் ஒருநாளும் இப்படிக் குளிர்வதில்லை. மூலையைப் பார்க்கவில்லை. அளவுகோலை மட்டும் பார்த்தான். பத்தடி ஐந்தங்குலம். சரி. அவன் நினைத்தபடியே. ஒரு அங்குலம் ஏறியிருக்கிறது. கணக்கு வேலை செய்தது. அந்தப் பயத்திலும் அவனுக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது.

வெயில் சுவரால் இறங்கியது. நல்லெண்ணெய் மணத்தது. மூலையில் மிதந்தது மெதுவாகத் திரும்பியது. அவனைப் பார்க்கத்தான் திரும்பியிருக்க வேண்டும்.

வெயில் தண்ணீரைத் தொட்டது.

முழங்காலில் ஏதோ உரசியது. பிறகு தொடையில். பிறகு அவன் தோளில் ஒரு கால். குளிர்ந்த, பாரமான, பழக்கமான கால். அவனையும் ஒரு படியாக மிதித்து அது மேலே ஏறியது. அவன் அண்ணாந்து பார்த்தான். இரண்டு உள்ளங்கால்கள். ஊறி வெளுத்து, சுருங்கி. இடது குதிக்காலில் மண்வெட்டி பட்ட தழும்பு.

அவனுடைய குதிக்காலிலும் இருக்கிறது. அதே இடம்.

மேலே குரல்கள்.

“வந்திட்டியோ ராசகுமாரா? என்ன, குளிச்சனியோ?” அப்புத்துரை.

“ஓம் அண்ணை. வாங்கோ, பாருங்கோ.”

வினோதனின் குரல். ஆனால் வினோதன் வாயைத் திறக்கவில்லை.

“தலையத் தொடைடா சாமி. சாப்ட்டியா?” அம்மா.

“இன்னும் இல்ல அம்மா. வீட்டுக்குப் போய்த்தான்.”

கத்தலாம். இப்போதே கத்தலாம். கத்தி, ஏறி வெளியே போனால், எல்லார் கண்ணுக்கு முன்னாலும் மட்டம் ஒரு அங்குலம் இறங்கும். நாளைத் தண்ணீர் போய்விடும். அவன் பல்லைக் கடித்தான். எண்ணட்டும். எண்ணிவிட்டுப் போகட்டும். பிறகு ஏறுவான். படியை இறுகப் பிடித்தான். தண்ணீர் நாடிக்குக் கீழே நின்றது.

விளிம்பில் அப்புத்துரையின் முகம். அவனை நேரே பார்த்தது. பார்த்துவிட்டு அளவுகோலைப் பார்த்தது.

“பத்தடி நாலு.” அவர் கண்ணைச் சுருக்கினார். ரேப் நாடாவை இறக்கினார். “இல்லை. நாலு இல்லை. ஒரு மயிர் குறையுது. அரை நூல்.”

“அரை நூலோ அண்ணை?”

“குறைவு குறைவுதான். சத்தியம் செய்தது நீ.” மறுபடி எட்டிப் பார்த்தார். “அதென்ன மூலைக்க மிதக்குது?”

“பொங்கல் தேங்காய் அண்ணை.”

அரை நூல். வினோதன் பெருக்கிப் பார்த்தான். பார்க்காமல் இருக்க அவனால் முடியவில்லை. இருபத்தைந்து சதுர அடியில் அரை நூல். நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தண்ணீருக்கு வெளியே அவன் விட்டுவைத்தது எதுவோ அது.

வாயைத் திறந்தான். இப்போது கத்தினான். மேலே ஒருவரும் திரும்பவில்லை. தேங்காய் கத்துவதில்லை.

“பொறுங்கோ,” என்றது அவன் குரல். “அமத்திவிடுறன்.”

திறப்பு இறங்கி வந்தது. நாலடி இரும்பு. அதன் நுனி அவன் உச்சியில் மெல்லப் பதிந்தது. நோகவில்லை. ஒரு தேங்காயை அமத்துகிற அளவு பலம்தான்.

கீழே பச்சை. பிறகு கறுப்பு. மேலே சதுரமாக ஒரு வெளிச்சம், அதற்குள் குனிந்த ஒரு முகம், ஈரத் தலைமயிர், பொறுமையான கண்கள். தண்ணீருக்குள்ளும் அப்புத்துரையின் குரல் தெளிவாகக் கேட்டது.

“இப்ப சரி. பத்தடி நாலு.”

தலையும் உள்ளே இருக்கவேண்டும். இருந்தால் அளவு குறையாது.